பிரேக்கக்கா வீட்டு முதலாளி

சோபாவில் உட்கார்ந்து டிவி பார்க்கும்போதுகூட பிரேக்கக்காவின் வலது கால் சும்மா இருப்பதில்லை. திரையில் யாராவது படியில் வேகமாக இறங்கினால் தரையை ஓர் அழுத்து அழுத்தும். பக்கத்து வீட்டுக் குழந்தை பொம்மை வண்டியில் உட்கார்ந்து கூடத்துக்குள் பாய்ந்து வந்தால் இன்னும் பலமாக அழுத்தும். கணவர் தேநீர்க் கோப்பையை விளிம்புவரை நிரப்பிக்கொண்டு நடந்துவரும்போது, அவர் வந்து உட்காரும்வரை அழுத்தியபடியே இருக்கும். சோபாவின் முன்னால் அந்த ஓர் இடத்தில் மட்டும் தரைவிரிப்பு தேய்ந்து அடிநூல் தெரிகிறது.

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். பயிற்சி வண்டியில் கற்றுக்கொள்பவருக்கு ஒரு பிரேக், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அக்காவுக்கு ஒரு பிரேக். உண்மையில் வண்டி நிற்பதெல்லாம் அக்காவின் பிரேக்கில்தான். மாணவர்கள் வைத்த பெயர் அப்படியே தெருவுக்குப் பரவி, இப்போது தபால்காரர்கூட “பிரேக்கக்கா வீடுதானே?” என்றுதான் கேட்கிறார். அக்காவுக்கு இதில் வருத்தமே இல்லை. “ஆக்சிலேட்டர் அக்கான்னு கூப்பிட்டாத்தான் பயப்படணும்” என்பார்.

குரல் ஒன்றும் சன்னமானதல்ல. கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பாடம் நடத்தினாலும், சிக்னலில் பக்கத்து வண்டியில் இருப்பவர் காசில்லாமல் கற்றுக்கொண்டு போகலாம். வளவளவென்ற விளக்கமெல்லாம் கிடையாது. “முடிவு பண்ணிட்டியா, போயிடு. நடு ரோட்டுல நின்னு ஆராய்ச்சி பண்ணாதே.” “கண்ணாடியில உன் மூஞ்சியைப் பாக்காதே, பின்னாடி வர்றவன் மூஞ்சியைப் பாரு.” திட்டு வாங்காமல் அவரிடம் யாரும் லைசென்ஸ் வாங்கியதில்லை. வாங்கிய பிறகு கேக் டப்பாவோடு வீட்டு வாசலில் வந்து நிற்காதவர்களும் குறைவு.

இன்னொரு பழக்கம், கழுவுவது. காலையில் முதல் வகுப்புக்கு முன்பே வாளியும் துணியுமாக வண்டியிடம் போய்விடுவார். சக்கரத்தின் இடுக்குகளுக்கென்று பழைய பல்துலக்கி ஒன்று வைத்திருக்கிறார். வண்டி முடிந்ததும் கை அரித்துக்கொண்டு இருக்கும். படிக்கட்டுக் கைப்பிடி, குப்பைக்கூடையின் மூடி, கணவரின் செருப்பு என்று எது அகப்பட்டாலும் அதற்கும் ஒரு குளியல் உண்டு.

இவ்வளவு கலகலப்பான மனுஷிக்கு வீட்டில்தான் ஒரு குறை இருந்தது. நாள் முழுக்கச் சேர்த்துவைத்த கதைகளை மாலையில் கொட்ட ஆள் இல்லை. கணவர் செயற்கைப் பல் செய்கிறவர். பேசாத வாய்களோடு பொழுதெல்லாம் பழகியதாலோ என்னவோ, எதற்கும் “ம்” என்பதுதான் அவர் பதில். தண்ணீர் லாரியின் பின்னாலேயே இரண்டு தெரு போய்விட்டு, “அது திரும்பிச்சு, நானும் திரும்பினேன்” என்ற மாணவியின் கதைக்கும் “ம்”. மின்கட்டணம் கட்டியாயிற்றா என்ற கேள்விக்கும் “ம்”.

மாமியார் வந்து சேர்ந்த அன்று, அக்கா அதே லாரிக் கதையைச் சொன்னார். அத்தை சிரித்தார். முதலில் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்; பிறகு முடியாமல் தரையிலேயே உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அப்புறம் லாரிக்காரன் என்ன சொன்னான்?” என்று கேட்டார். அன்றிலிருந்து அக்கா மாலையில் படியேறும்போதே கதையைத் தொடங்கிவிடுவார். கதவைத் திறக்கும்போது அத்தை சிரிக்கத் தயாராக நிற்பார்.

அத்தை தனியாகக் குடியிருந்த வீட்டை இடிக்கப்போகிறார்கள். மகன் வீடு இங்கே, மகள் வீடு வேறு ஊரில். மகள் வீட்டில் தோட்டம் உண்டு. இங்கே மாடிக் குடியிருப்பு. முதலில் இங்கே கொஞ்ச நாள் இருந்து பார்க்கலாம் என்று வந்திருந்தார். கூடவே வந்தவை ஒரு கண்ணாடித் தொட்டியும், மூடிபோட்ட வாளிக்குள் ஒரு தங்கமீனும். மீன் என்றால் சுண்டுவிரல் மீன் இல்லை. உள்ளங்கை கொள்ளாத உருவம், தொங்கும் வயிறு, நரைத்த ஆரஞ்சு நிறம். வேலை ஒன்றும் செய்யாமல் ஒரே இடத்தில் நின்றபடி, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் வாயைத் திறந்து திறந்து மூடிச் சாப்பாடு கேட்கும். அதனால் அத்தை அதற்கு ‘முதலாளி’ என்று பெயர் வைத்திருந்தார்.

தொட்டியில் இருந்த பழைய பில்டர், வீடு மாற்றும்போது கீழே விழுந்து மோட்டார் உயிரை விட்டுவிட்டது. அதன் உள்ளே இருந்த ஸ்பாஞ்சை மட்டும் அத்தை தொட்டித் தண்ணீரோடு ஒரு பையில் கட்டிப் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார். பழுப்பேறி, வழவழத்து, கண்கொண்டு பார்க்க முடியாத ஸ்பாஞ்ச்.

அத்தையிடம் அக்காவுக்குப் பிடிக்காதது ஒன்றுதான்: விருந்தாளித்தனம். “ஒண்ணும் தொந்தரவு இல்லன்னா ஒரு டம்ளர் தண்ணி எடுத்துக்கட்டுமாம்மா?” என்று சமையலறை வாசலில் நின்று கேட்பார். ஜன்னலைத் திறக்க அனுமதி, விளக்கை அணைக்க அனுமதி. எங்கே இருக்கப்போகிறீர்கள் என்று மகன் கேட்டபோது, “முதலாளிக்கு எந்த ஊர் தண்ணி ஒத்துக்குதோ அங்கதான் நானும்” என்று சிரித்தார். மகன் “ம்” என்றார். அக்காவால் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. அத்தை போய்விட்டால் பழையபடி அந்த “ம்”தான் மிச்சம். மீனைத் தக்கவைத்தால் அத்தையைத் தக்கவைக்கலாம். அன்றைக்கே பில்டர் வாங்கக் கிளம்பினார்.

மீன்தொட்டிக் கடைக்காரர் அக்காவின் மாணவர்தான். லைசென்ஸ் தேர்வில் பலமுறை தோற்றவர். ரவுண்டானா என்றாலே அவருக்குப் பயம். நுழைய இடம் கிடைக்கிறதா என்று பார்த்துக்கொண்டே நிற்பார், பின்னால் ஊரே ஹார்ன் அடிக்கும். கடைக்குள் மட்டும் அவர் நடையே வேறு. குமிழி விடும் தொட்டிகளுக்கு நடுவே, தூங்கும் குழந்தைகளுக்கு இடையில் நடப்பதுபோல நிதானமாக நடப்பார்.

“மீன் எத்தனை அக்கா?” என்று கேட்டார்.

“ஒண்ணே ஒண்ணு. ஆனா முதலாளி.”

தொட்டியின் அளவைக் கேட்டுக்கொண்டு, கைக்கு அடக்கமான ஒரு பில்டரை எடுத்து வைத்தார். “இது போதும். தொட்டிக்குள்ளயே ஒட்டிக்கும், தண்ணி மெதுவா சுத்தும். வயசான மீனுக்கு இதுதான் தோதுப்படும்.”

அக்காவின் கண் அதற்குள் மேல்தட்டில் இருந்த கறுப்பு உருளையின்மேல் போய்விட்டது. தொட்டிக்கு வெளியே, கீழே நிறுத்திவைக்கிற வகை. தடித்த ஹோஸ் இரண்டு அதன் தலையிலிருந்து சுருண்டு தொங்கின.

“அது என்ன?”

“அது ஓட்டல் வரவேற்பறையில வைக்கிற பெரிய தொட்டிக்கு அக்கா.”

“பவர் எப்படி?”

“பவர் ஜாஸ்திதான். ஆனா உங்களுக்கு வந்து...”

“தம்பி, நான் என்ன சொல்லிக்குடுத்திருக்கேன்? முடிவு பண்ணிட்டா?”

“போயிடணும்” என்றார் கடைக்காரர், தன்னையறியாமல். அவர் கை ஏற்கெனவே ஏணியைப் பிடித்திருந்தது.

காசு வாங்கிய பிறகு வாசல்வரை ஓடிவந்தார். “அக்கா, பழைய ஸ்பாஞ்ச் இருந்தா அதை இதுக்குள்ள போட்டுடுங்க. ஆனா அதை மட்டும்...”

“தெரியும் தம்பி, பாத்துக்கறேன்” என்று அக்கா வண்டியைக் கிளப்பிவிட்டார்.

பார்த்துக்கொள்வது என்றால் அக்காவின் அகராதியில் கழுவுவது. அந்த ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிடித்து, பிழிந்து, அலசி, சக்கரத்துக்கான பல்துலக்கியால் தேய்த்து, அசல் மஞ்சள் நிறம் தெரியும்வரை விடவில்லை. அத்தை ஏதோ சொல்ல வந்தவர்போலச் சமையலறை வாசல்வரை வந்தார். கொஞ்ச நேரம் நின்றார். அப்படியே திரும்பிப் போனார்.

இணைக்கும் வேலை விடுமுறை நாளில் நடந்தது. உத்தரவு அக்கா, உழைப்பு கணவர். பெட்டிக்குள் இருந்த விளக்கத்தாளைக் கணவர் ஓர் ஓரமாக உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்க, அக்கா, “அது எதுக்கு?” என்று ஹோஸை அவர் கையில் திணித்தார். விஷயம் எளிதுதான். ஒரு ஹோஸ் தொட்டித் தண்ணீரைக் கீழே இழுத்துவரும். உருளைக்குள் அடுக்கியிருக்கும் ஸ்பாஞ்சுகள் வழியாக அது புகுந்து வடிகட்டப்பட்டு, இன்னொரு ஹோஸ் வழியாக மேலே போகும். “ஒன்வே ரோடு, இதுல என்ன இருக்கு?” என்று அக்கா ஸ்விட்சைப் போட்டார். ஒன்றும் நடக்கவில்லை. முதலில் உருளைக்குள் தண்ணீரை நிரப்ப வேண்டுமாம். நிரப்பினார்கள். மறுபடி ஸ்விட்ச்.

தண்ணீரை வெளியே விடும் குழாயின் வாய், தொட்டிக்குள் பார்ப்பதற்குப் பதில் கூடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. சர்ரென்று ஒரு பீச்சு. எதிர்ச்சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் படத்தில் மாப்பிள்ளைக்கு மட்டும் முழுக்குளியல். அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அக்காவின் கால் தரையை அழுத்து அழுத்தென்று அழுத்தியதே தவிர, கை ஸ்விட்சுக்குப் போகவில்லை. கடைசியில் படத்தில் நனைந்த மாப்பிள்ளையே நேரிலும் நனைந்தபடி போய் அணைத்தார்.

குழாயைச் சரியாகத் திருப்பி வைத்த பிறகு, பில்டர் ஓடியது. முதலாளியால்தான் நின்ற இடத்தில் நிற்க முடியவில்லை. பாய்ந்து வந்த தண்ணீர் அதை ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலைக்குத் தள்ளியது. வெளியேறும் வழி தெரியாமல் ரவுண்டானாவில் மாட்டிக்கொண்ட மாணவர்போல, முதலாளி சுற்றிச் சுற்றி வந்தது.

“பாருங்க அத்தை, என்னமா நீஞ்சுது. இவ்வளவு நாள் உடம்பு வளைஞ்சிருக்குமா அதுக்கு?”

“நல்லாத்தாம்மா இருக்கு” என்றார் அத்தை.

மறுநாள் தண்ணீர் லேசாக வெளுத்தது. அதற்கு மறுநாள் பால் கலந்ததுபோல ஆகிவிட்டது. முதலாளி ஒரு மூலையில் ஒதுங்கி, தண்ணீரின் மேல்மட்டத்தில் வாயை வைத்துக்கொண்டு மூச்சுக்குத் தவித்தது. போட்ட தீனி அப்படியே மிதந்தது. பவர் போதவில்லையோ என்றுதான் அக்காவுக்கு முதலில் தோன்றியது.

அன்று காலை துணி உலர்த்தப் பால்கனிக்குப் போனவர், அத்தை மகளோடு போனில் பேசுவதைக் கேட்டுவிட்டார்.

“இல்லடி, அவ மேல ஒரு குத்தமும் சொல்ல முடியாது. ரொம்ப நல்ல பொண்ணு. என்ன பண்றது, மீனுக்குத்தான் இந்தத் தண்ணி ஒத்துக்கல. அடுத்த வாரம் அங்க வந்துடறேன்.”

அக்காவைக் குத்தியது கடைசி வாக்கியம் மட்டுமல்ல. ரொம்ப நல்ல பொண்ணு என்று எதிர்வீட்டுக்காரியைத்தான் சொல்வார்கள்; சொந்த மனுஷியை உரிமையோடு திட்டத்தான் செய்வார்கள். ஈரத்துணியை அப்படியே கொடியில் எறிந்துவிட்டு வண்டிச் சாவியை எடுத்தார்.

நல்லவேளை, முதல் வகுப்பு கடைக்காரருக்கு. அவர் கடை வாசலில் காத்திருந்து, ஏறி உட்கார்ந்து, பெல்ட்டை மாட்டுவதற்குள் அக்கா எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

“அக்கா, அந்தப் பழைய ஸ்பாஞ்சைக் கழுவினீங்களா?”

“பளபளன்னு கழுவினேன்.”

கடைக்காரர் ஸ்டியரிங்கின்மேல் தலையை வைத்துக்கொண்டார். பிறகு இறங்கிக் கடைக்குள் போய், ஒரு வாளியோடு வந்தார். அவர் தொட்டி ஒன்றில் மாதக்கணக்கில் கிடந்த ஸ்பாஞ்ச் அதற்குள் கறுப்புத் தண்ணீரில் மிதந்தது. “நீங்க ஓட்டுங்கக்கா, சீக்கிரம் போயிடலாம்.”

“நான் வாளியைப் பிடிச்சுக்கணும் தம்பி. நீ ஓட்டு.”

வாளி அக்காவின் கால்களுக்கு நடுவே உட்கார்ந்தது. கடைக்காரர் குனிந்து பார்த்து வெளிறிப்போனார். “அக்கா, வாளி உங்க பிரேக் மேல இருக்கு.”

“உன்கிட்ட ஒண்ணு இருக்குல்ல. போ.”

தண்ணீர் சிந்தக் கூடாது என்ற ஒரே கவலையில் கடைக்காரர் ஓட்டினார். கியர் வெண்ணெய்போல மாறியது. வளைவுகளில் வாளி அசையவில்லை. ரவுண்டானா வந்தது. அக்கா வாயைத் திறக்கவில்லை. அவர் கண்ணெல்லாம் வாளியில். ஓர் இடைவெளி தெரிந்ததும் வண்டி நுழைந்தது, சுற்றியது, சரியான வழியில் வெளியே வந்தது. அடுத்த தெருவுக்குப் போன பிறகுதான் ஓட்டியவருக்கே விஷயம் உறைத்தது.

“அக்கா, நான் ரவுண்டானா தாண்டிட்டேன்.”

“பாத்தேன். ரோட்டைப் பாரு.”

வீட்டுக்குள் நுழைந்ததும் கடைக்காரர் சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டார். அக்கா உதவிக்குத் தொட்டிக்குள் கையை நீட்ட, “கையை எடுங்கக்கா. நான் சொல்ற வரைக்கும் எதையும் தொடக் கூடாது” என்றார். அக்கா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அந்த வீட்டில் யாரும் பார்த்திராத காட்சி அது. வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த கணவர்கூடச் செருப்பை மாட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

கடைக்காரர் முதலில் ஹோஸில் இருந்த வால்வைத் திருகித் தண்ணீரின் வேகத்தைப் பாதிக்குமேல் குறைத்தார். குழாயின் வாயைக் கண்ணாடிச் சுவரைப் பார்த்துத் திருப்பினார். பாய்ந்து வந்த நீர் சுவரில் மோதி, சாதுவாகிப் பரவியது. உருளையைத் திறந்து, அக்கா கழுவிய ஸ்பாஞ்சை எடுத்துவிட்டுத் தன் அழுக்கு ஸ்பாஞ்சை அதன் இடத்தில் வைத்தார். தொட்டித் தண்ணீரில் ஒரு பங்கை மாற்றினார்.

“இந்த அழுக்குல நல்ல கிருமிங்க குடியிருக்குக்கா. மீன் போடற கழிவை அதுங்கதான் தின்னு தீர்க்கும். பில்டர் வெறும் கட்டடம்தான், வேலை பாக்கறது அதுங்க. நீங்க அழுக்கைக் கழுவல, வேலைக்காரங்களை மொத்தமா வீட்டுக்கு அனுப்பிட்டீங்க.”

அக்காவின் முகம் தொங்கிப்போனது. “நான்தான் அத்தை. உங்க ஸ்பாஞ்சை நான்தான் கழுவிட்டேன்.”

“பாத்தேம்மா” என்றார் அத்தை மெல்ல. “கழுவக் கூடாதுன்னு சொல்லத்தான் வந்தேன்.”

“அப்புறம் ஏன் சொல்லல?”

“உன் வீடு. நான் எப்படிச் சொல்றது?”

கடைக்காரரும் தொட்டிக்குள் பார்த்தபடியே வாயைத் திறந்தார். “நானும் சொல்லத்தான் வந்தேன்க்கா, இவ்வளவு பெரிசு வேண்டாம்னு. உங்க முகத்தைப் பாத்தா வார்த்தை வரல.”

வாசலில் இருந்து கணவர், “தாள்லயே போட்டிருந்தது, சின்னத் தொட்டிக்கு வேகத்தைக் குறைச்சு வைக்கணும்னு” என்றார். அவரிடமிருந்து முழுசாக ஒரு வாக்கியம் வந்ததில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“ஆக, எல்லாருக்கும் தெரியும். தெரியாதது எனக்கும் முதலாளிக்கும்தான்” என்றார் அக்கா. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. “அத்தை, எனக்குத் திட்டவும் தெரியும், திட்டு வாங்கவும் தெரியும். மரியாதை பண்ணி என்னைக் கொன்னுடாதீங்க. நீங்க போயிட்டா நான் யார்கிட்ட சொல்லிச் சிரிப்பேன், சொல்லுங்க.”

அத்தை கண்ணாடியில் விரலை வைத்து மீனையே பார்த்துக்கொண்டிருந்தார். “முதல்ல அது சாப்பிடட்டும்” என்றார்.

தண்ணீர் ஒன்றும் மந்திரம்போட்டதுபோலத் தெளிந்துவிடவில்லை. கடைக்காரர் தினமும் வகுப்புக்கு வரும்போது வந்து பார்த்து, கொஞ்சம் தண்ணீரை மாற்றிவிட்டுப் போனார். அக்கா தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார், ஒன்றையும் தொடவில்லை. கை அரித்தபோதெல்லாம் கீழே இறங்கிப்போய்ப் பக்கத்து வீட்டுக்காரர்களின் வண்டிகளைக் கழுவிக் கொடுத்தார். தெருவே மினுங்கியது.

ஒரு நாள் காலை வகுப்புக்குக் கிளம்பும்போது பார்த்தால், தொட்டியின் பின்னால் இருக்கும் அலமாரியில் புத்தகங்களின் பெயர்களைத் தண்ணீர் வழியாகவே படிக்க முடிந்தது. முதலாளி நடுத்தொட்டியில் அசையாமல் நின்றது. அக்காவைக் கண்டதும் வாயைத் திறந்து மூடியது. ஒரு சிட்டிகை தீனியைத் தூவினார். அது தண்ணீரில் இறங்குவதற்குள் அத்தனையும் காலி. மறுபடி வாயைத் திறந்து மூடியது.

“அத்தை, சாப்பிட்டுடுச்சு” என்று கத்தினார் அக்கா. சமையலறையிலிருந்து டப்பாக்கள் இறங்கும் சத்தம் மட்டும் கேட்டது. எட்டிப் பார்த்தார். மேல் அலமாரியில் இருந்ததெல்லாம் தரையில் பரந்து கிடந்தது. அத்தை தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

“சாப்பிட்டா சரி, நான் அப்பவே பாத்தேன். ஏண்டி, சர்க்கரையை ஒரு மூலையில வெச்சு டீத்தூளை இன்னொரு மூலையில வெச்சிருக்கே. ஒரு டீ போடறதுக்குள்ள ஊரைச் சுத்தி வரணும் போலிருக்கு. இதுல பாதி டப்பா காலி, காலி டப்பாவை எதுக்குடி கழுவிக் கழுவி அடுக்கி வெச்சிருக்கே? நான் இருக்கிற வீட்டுல இந்த வேலையெல்லாம் ஆகாது, சொல்லிட்டேன். என்ன வாயைப் பாத்துகிட்டு நிக்கறே, வந்து ஸ்டூலைப் பிடி.”

கீழே வண்டியருகில் காத்திருந்த மாணவி போன் அடித்துக்கொண்டே இருந்தாள். அக்கா அதை எடுக்கவில்லை. சாவியைப் பைக்குள் போட்டார். டப்பாக்களுக்கு நடுவே தரையில் மண்டியிட்டு, ஸ்டூலின் கால்களை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டார்.